ஒரு கரண்டி எண்ணெய்

எங்கள் இல்லத்து அம்பாசடர் வண்டி 1978ஆம் ஆண்டிற் செய்யப்பட்டது. மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்னும் ஆங்கில வண்டியின் வழித்தோன்றலாகிய இவ்வினம் வங்கத்து உத்தரபாராவில் 2014ஆம் ஆண்டு வரை செய்யப்பட்டு வந்தமை பலரும் அறிந்ததே. ஒரு கோடையில் ரேடியேட்டர் வற்றி எஞ்சின் கொதித்தபின், புகையும் எண்ணெய்ச் செலவும் மிகுந்தன. தந்தையார் அந்த 1489 சி.சி. எஞ்சினை வீட்டுக் கொட்டகையிலேயே பிரித்துப் புதுக்கத் துணிந்தார். முப்பதாண்டாக எம் வண்டியைப் பேணிவரும் முதிய மெக்கானிக் அண்ணாச்சியுடன் யானும் ஞாயிறுதோறும் கைகொடுத்தேன். பிளாக்கிற்குப் போர் போடுதற்கும், ஹெட்டின் அடிமுகத்தை இழைத்துச் சமன்செய்தற்கும் மட்டும் லேத்துப் பட்டறை ஒன்றை நாடினோம்.

பூட்டி முடித்து முடுக்கியபோது எஞ்சின் உயிர்பெற்றது, ஆயின் நொண்டிற்று. சிறு மேடும் ஏறவில்லை.

“அண்ணாச்சிக்குக் கண் மங்கிவிட்டது, ரிங்குகளைச் சரியாகப் பூட்டியிரார்” என்றார் மாமா. மாமா பொல்லாதவர் அல்லர். காணாததையும் கண்டாற்போற் பேசும் வழக்கம் மட்டும் உடையவர். அச்சொல் தெருவிற் பரவ, இருவர் தம் வண்டிகளை வேறிடம் கொண்டுசென்றனர். அண்ணாச்சி ஒன்றும் வாதாடவில்லை. “முழுதும் பிரித்துவிடுவோம், கூலி வேண்டாம்” என்றார். அது என் நெஞ்சைத் தைத்தது. அவர் ரிங்குகளின் வாய்கள் ஒரே நேர்கோட்டில் வாராதபடி விலக்கி வைத்துப் பூட்டியதை யான் அருகிருந்து கண்டவன். ஆயினும் என் சொல்லை யார் ஏற்பர்? எஞ்சினையே வினவுவதென்று முடிவுசெய்தேன்.

எஞ்சின் ஓடுகையில் பிளக் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். 1, 4 ஆகியவற்றைக் கழற்றியபோது ஓட்டம் தளர்ந்தது. 2, 3 ஆகியவற்றைக் கழற்றியபோது ஒரு மாறுதலும் இல்லை. பிளக்குகளை இடம் மாற்றிப் பார்த்தும் அவ்வாறே. பின் அழுத்தமானி கொண்டு அளந்ததில், முதலாம் நான்காம் சிலிண்டர்கள் சதுர அங்குலத்துக்கு 120 பவுண்டுக்குக் குறையாது காட்டின. நடுவிலுள்ள இரண்டும் 60ஐ ஒட்டி நின்றன.

இனி மாமாவின் குற்றச்சாட்டைச் சோதிக்கும் வழி எளிது. சிலிண்டருள் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மீண்டும் அளத்தல் வேண்டும். காற்று ரிங்குகளின் வழியே கசியுமாயின், எண்ணெய் அவ்விடைவெளியை அடைத்து அழுத்தம் உயரும். வேறு வழியே கசியுமாயின் உயராது. மாமாவையும் அருகழைத்து எண்ணெய் விட்டேன். முள் 60ஐ விட்டு நகரவில்லை.

அடுத்து வால்வுகள். எட்டாம் வால்வு முழுதும் திறந்திருக்கையில் முதலாவதையும், ஏழாவது திறந்திருக்கையில் இரண்டாவதையும் என, இரண்டெண்ணும் கூடி ஒன்பதாகுமாறு அளந்து செல்லுதல் இவ்வெஞ்சினுக்குரிய முறை. இடைவெளிகள் யாவும் செவ்வையாக இருந்தன. அடுத்தடுத்த இரு சிலிண்டர்கள் ஒருங்கே தளர்ந்தனவாயின், அவற்றின் நடுவேயுள்ள காஸ்கட்டையே ஐயுறல் வேண்டும். மேலும் 2, 3ஆம் சிலிண்டர்களின் புகை வால்வுகள் ஒரே வழியைப் பங்கிடுவதால், ஹெட்டில் வெம்மை மிக்க இடமும் அதுவே.

ஹெட்டை மட்டும் கழற்றினோம். காஸ்கட்டின் நடுவில் கரிக்கோடு ஒன்று ஓடியிருந்தது. ஹெட்டின் முகத்தில் எஃகுச் சட்டத்தை வைத்தபோது, நடுவிடத்தில் அங்குலத்தின் ஆயிரத்தில் எட்டுப் பங்கு கனமுள்ள ஃபீலர் தகடு தடையின்றி நுழைந்தது. பட்டறையார் அதனை இழைக்கவேயில்லை. எமரித் தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி, இழைத்த கூலியெனச் சீட்டெழுதியிருந்தனர். தந்தையார் அச்சீட்டை எடுத்து மாமாவின் கையிற் கொடுத்தார், வாய் திறக்கவில்லை.

வேறோரிடத்தில் ஹெட்டை இழைப்பித்து, புதுக் காஸ்கட் இட்டு, நட்டுகளை நடுவிலிருந்து புறநோக்கிப் படிப்படியாக அண்ணாச்சியே இறுக்கினார். நான்கு சிலிண்டர்களும் ஒத்த அழுத்தம் காட்டின. மாமா மறுவாரமே தம் வண்டியை அவரிடம் அனுப்பினார். விலகிச் சென்ற இருவருள் ஒருவரே திரும்பினார்.

500 கிலோமீட்டர் ஓடியபின் நட்டுகளை மீண்டும் இறுக்கிக் கொண்டிருந்தேன். அண்ணாச்சி வாயிலில் நின்றபடியே, “தம்பி, ஹெட்டை இறுக்கினால் வால்வு இடைவெளி மாறும், அதையும் பார்த்துவிடுங்கள்” என்று சொல்லிச் சென்றார்.