கொம்பிரஷன் போன இஞ்சின்

"கொம்பிரஷன் போயிட்டுது அண்ணை, கழட்டத்தான் வேணும்." பழைய அவுட்போட் இஞ்சின் படகை இழுக்கத் திணறினால் யாழ்ப்பாணத்துக் கரைகளில் முதலில் வந்து விழுகிற தீர்ப்பு இதுதான். பல வேளைகளில் அது சரியாகவும் இருக்கும். ஆனால் எந்தச் சிலிண்டரில் போனது, ஏன் போனது என்று கேட்காமல் புது றிங் வாங்கக் கடைக்கு ஓடுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பொறுப்பதில்லை.

கைப்பழக்கம் உள்ள மெக்கானிக்குக்கு அழுத்தம் அளக்கும் கேஜ் தேவையில்லை. மேல்மூடியை எடுத்துவிட்டுப் பிளைவீலைக் கையால் மெல்லச் சுற்றுவார். இரண்டு சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக்கில் ஒரு சுற்றுக்கு இரண்டு தரம் கை தடைப்பட வேண்டும். ஒன்று இறுகி நின்று மற்றது வழுக்கிக்கொண்டு போனால் நோயாளி யாரென்று தெரிந்துவிடும். கை சொல்வதை நானும் நம்புவேன். என்றாலும் அளந்து பாராமல் காசை இறக்க மாட்டேன்.

அளப்பதற்கும் ஒழுங்கு உண்டு. இஞ்சின் சூடாக இருக்க வேண்டும். இரண்டு பிளக்கையும் கழற்றி, வயர்களை இஞ்சின் உடலோடு முட்டவைத்து, கேஜைப் பிளக் துவாரத்தில் பூட்டி, துரொட்டிலை முழுதாகத் திறந்து, ஊசி மேலே ஏறாமல் நிற்கும்வரை கயிற்றை இழுக்க வேண்டும். துரொட்டில் மூடிக்கிடந்தால் காற்று உள்ளே வராது. நல்ல இஞ்சினும் செத்ததுபோலக் காட்டும். நியூட்ரலில் கைப்பிடி முழுக்கத் திரும்பாவிட்டால் காபரேட்டர்த் தண்டை நேரே தள்ளிப் பிடிக்க வேண்டியதுதான்.

ஊசி காட்டும் எண்ணை எதோடு ஒப்பிடுவது? பெற்றோல் டூ-ஸ்ட்ரோக்கில் 100 பிஎஸ்ஐக்கு மேல் எதிர்பார்ப்பது வழக்கம். எங்கள் கரைகளில் மண்ணெண்ணெய் இஞ்சின்கள் நிறைய. பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிற வகை. அழுத்தம் கூடினால் மண்ணெண்ணெய் தட்டத் தொடங்கும் என்பதால் அவற்றைக் குறைந்த அழுத்தத்துக்கே செய்திருக்கிறார்கள். பெற்றோல் இஞ்சினின் கணக்கை வைத்து இவற்றுக்குச் சாவு எழுதக் கூடாது. பார்க்க வேண்டியது இரண்டு சிலிண்டருக்கும் இடையிலான வித்தியாசத்தை. 10 சதவீதம் வரை பொறுக்கலாம். ஒன்று 90, மற்றது 60 என்றால் பேச்சுக்கு இடமில்லை.

பிளக் துவாரத்தில் கொஞ்சம் எண்ணெய் விட்டு மறுபடி அளப்பார்கள். அழுத்தம் ஏறினால் றிங் என்பார்கள். கார் இஞ்சினுக்கு அது நல்ல சோதனை. அவுட்போட்டில் சிலிண்டர்கள் படுத்துக் கிடக்கின்றன. விட்ட எண்ணெய் அடிப்பக்கத்தில் தேங்கி, மேல்பாதி உலர்ந்தே கிடக்கும். அதைவிடப் புகை வெளியேறும் பக்கத்து மூடியைக் கழற்றிப் பார்ப்பது மேல். உப்பில் இறுகிய போல்ட் முறியாமல் வந்தால், அதுவே பாதி வெற்றி. புகை வெளியேறும் துவாரத்தினூடே றிங்கை மரக்குச்சியால் அழுத்த வேண்டும். துள்ளி மீண்டால் உயிர் இருக்கிறது. அசையாவிட்டால் கரியில் ஒட்டிக்கொண்டது. ஊறவைத்துச் சுரண்டினாலே பிழைத்துவிடக்கூடும். பொருளாதாரத் தடை இருந்த 1990களில் மோட்டார் சைக்கிளைக்கூட மண்ணெண்ணெயில் ஓட்டிய ஊர் இது. கரி சுரண்ட எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஹெட்டைத் திறக்கும்போது ஒரு பிஸ்டனின் தலை மட்டும் கழுவி வைத்ததுபோல மினுங்கினால் கவனியுங்கள். தண்ணீர் உள்ளே போயிருக்கிறது, பெரும்பாலும் ஹெட் கேஸ்கட் வழியாக. அந்த இஞ்சினுக்குப் புது றிங் போடுவது வீண். பிஸ்டனின் பக்கம் கோடுகோடாகக் கீறியிருந்தால் வேறு கதை. காபரேட்டர் ஜெட் அடைபட்டு, பெற்றோலோடு சேர்ந்து வரவேண்டிய எண்ணெயும் குறைந்திருக்கலாம். தண்ணீர்ப் பம்பின் இறப்பர்ச் சில்லு தேய்ந்தோ, உப்பு அடைத்தோ சூடேறியிருக்கலாம். அதைத் தேடாமல் புதுப் பிஸ்டன் போட்டால் அதுவும் அதே இடத்தில் கீறும். என் கணக்கில் கொம்பிரஷன் குறைவது அநேகமாகச் சிலிண்டருக்கு வெளியே தொடங்குகிற வியாதி.

பழைய இஞ்சின் வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. விற்பவரே கேஜைப் பூட்டி நல்ல எண்ணைக் காட்டினால், பிளக் துவாரத்துக்குள் தடித்த எண்ணெய் விட்டிருக்கிறாரா என்று பாருங்கள். தேய்ந்த றிங்கும் அப்போது கொஞ்ச நேரம் இறுக்கம் காட்டும். கடலில் இறக்கி நன்றாகப் புகைய ஓடவிட்டு, எண்ணெய் எரிந்து தீர்ந்தபிறகு உங்கள் கேஜால் அளந்துகொள்ளுங்கள்.