ஜெர்மனிக்குப் பெட்டி கட்டுறேன்

இன்னும் பத்து நாள்ல ஜெர்மனி கிளம்புறேன், எம்.எஸ். படிக்க. கூடப் படிச்சவங்கள்ல பாதிப் பேர் "பேக்கிங் முடிஞ்சுதா?"ன்னு கேக்குறாங்க. மீதிப் பேர் "பயமா இருக்கா?"ன்னு கேக்குறாங்க. ரெண்டுக்கும் சேர்த்து இங்கயே பதில் சொல்லிடுறேன். அடுத்த வருஷம் கிளம்பப் போறவங்களுக்கும் உதவும்.

முதல்ல பெட்டி. என் டிக்கெட்டுக்கு 23 கிலோதான். மாமாவோட அரிசிக் கடைத் தராசுல இதுவரை மூணு தடவை நிறுத்தாச்சு. ஒவ்வொரு தடவையும் அம்மா எனக்குத் தெரியாம ஏதாவது ஒரு பொடி டப்பா சேர்த்திருக்காங்க :-)

சாப்பாட்டுச் சாமான்லதான் பெரிய பஞ்சாயத்து. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ள வெளியிலேர்ந்து இறைச்சியும் பால் பொருளும் பயணிகள் கொண்டு போகக் கூடாது. அதனால அம்மா உருக்கி வச்ச நெய் போச்சு, பால்கோவா போச்சு. ஆனா மீனுக்கு அந்தத் தடை இல்ல, 20 கிலோ வரைக்கும் கொண்டு போகலாம். "கருவாட்டுக்கு விசா கொடுப்பானாம், நெய்க்குக் கொடுக்க மாட்டானாம்"னு அப்பா ரெண்டு நாளா புலம்பிட்டு இருக்காரு. பச்சைக் கறிவேப்பிலையும் ஆகாது. 2019 டிசம்பர்லேர்ந்து செடி, இலை, பழம் எதுவா இருந்தாலும் தாவர நலச் சான்றிதழ் வேணும். விதிவிலக்கு அஞ்சே அஞ்சுக்குத்தான்: தேங்காய், வாழை, அன்னாசி, பேரீச்சை, டுரியான். அதனால கறிவேப்பிலையைப் பொடியாவே அரைச்சாச்சு.

மிக்ஸி வேலை செய்யுமான்னு நிறைய பேருக்குச் சந்தேகம். செய்யும். நம்ம ஊர் மாதிரியே அங்கயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். பிளக் மட்டும்தான் வேற, அதுக்கு ஒரு அடாப்டர் போதும். பவர் பேங்க் கண்டிப்பா கைப்பையிலதான் இருக்கணும், பெட்டியில போடக் கூடாது. 100 வாட்-ஹவர் வரைக்கும் பிரச்சினை இல்ல, 20,000 எம்.ஏ.எச்.ன்னா சுமார் 74 வரும். ஒரிஜினல் மார்க் ஷீட், அட்மிஷன் லெட்டர், இன்சூரன்ஸ் பேப்பர், மாத்திரை, மருந்துச் சீட்டு எல்லாம் கைப்பையில. பெட்டி தொலைஞ்சாலும் நான் தொலையக் கூடாது பாருங்க.

இன்னொரு விஷயம். கட்டின பெட்டியை நீங்களே தூக்கி மாடிப்படி ஏறிப் பாருங்க. இங்க தூக்கிவிட நாலு பேர் இருக்காங்க, அங்க ரயில்ல ஏத்தும்போது நீங்க மட்டும்தான்.

இனி பயம். ராத்திரி தூக்கம் வரல. ஒரு நாள் எழுந்து உக்காந்து, பயத்தை எல்லாம் பேப்பர்ல எழுதினேன். பாதி பயம், எழுதினதுமே வேலையா மாறிடுச்சு. "விமானத்தை விட்டுட்டா?" - முந்தின நாளே சென்னை போய்டணும். "மொழி தெரியாதே?" - ரயில் டிக்கெட் வாங்க, வழி கேக்க இருபது வாக்கியம் மனப்பாடம் பண்ணணும். இப்படி.

வேலையா மாறாதது ரெண்டு. ஒண்ணு, பணம். விசாவுக்கு ஒரு வருஷச் செலவை முடக்கக் கணக்குல காட்டணும். 2024 செப்டம்பர்ல அதை 11,904 யூரோவா உயர்த்தினாங்க. மாசம் 992 யூரோதான் கைக்கு வரும். எங்க வீட்டுப் பத்திரம் இப்ப பேங்க்ல இருக்கு. அப்பா அதைப் பத்திப் பேசவே மாட்டாரு. அவர் பேசாததுதான் எனக்குப் பெரிய பாரமா இருக்கு.

இன்னொண்ணு ஆச்சி. வயசு 81. "தைப் பொங்கலுக்கு வந்துருவியாய்யா?"ன்னு கேட்டா. டிக்கெட் விலை தெரியுமே, ரெண்டு வருஷம் ஆகும்னு உள்ளதைச் சொன்னேன். ஒண்ணும் பேசல. மறுநாள் காலையில அவளோட பழைய நூல் சேலை ஒண்ணைத் துவைச்சு மடிச்சுக் கொண்டு வந்து, "குளிருக்குப் போத்திக்கோ"ன்னா. அந்தக் குளிருக்கு இதெல்லாம் எம்மாத்திரம்னு எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்னுதான் நினைக்கிறேன். ரெண்டு புஸ்தகத்தை வெளிய எடுத்துட்டுச் சேலையை உள்ள வச்சேன்.

அப்புறம் நேரக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆச்சி ராத்திரி எட்டு மணிக்கே படுத்துடுவா. குளிர்காலத்துல அங்க அப்ப மூணரை மணி, எனக்கு கிளாஸ் இருக்கும். ஆனா அவ எந்திரிக்கிறது விடிகாலை நாலு மணிக்கு. அங்க அப்ப ராத்திரி பதினொன்றரை. அவ காபி குடிக்கும்போது நான் பேசிட்டுப் படுக்கலாம். இந்தக் கணக்கு சரியா வந்த அன்னைக்குத்தான் கொஞ்சம் தூங்கினேன்.

பயம் போயிடுச்சான்னா, இல்ல. அது கூடவே வரட்டும், அதுக்கு எக்ஸ்ட்ரா லக்கேஜ் காசு கிடையாதே.

ஊர்லயே இருக்கிற பசங்களுக்கு ஒரு வேண்டுகோள். எங்க தெருப் பக்கம் வந்தா ஆச்சியை ஒரு எட்டு பார்த்துட்டுப் போங்கடே. காபி நிச்சயம் :-)