கல்லில் நின்ற மொழியும் மண்ணில் நின்ற மக்களும்

கொழும்பு தேசிய நூதனசாலையிலுள்ள மும்மொழிக் கல்வெட்டை நம்மவர் பலர் அறிவர். 1409ஆம் ஆண்டுக்குரிய அக்கல், 1911இல் காலியிற் கண்டெடுக்கப்பட்டது. சீனக் கடற்படைத் தலைவன் செங் ஹோ இங்குக் கொணர்ந்தது அது. அவன் பிறப்பால் முஸ்லிம். எனினும், கல்லின் சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெனவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வுக்கும் காணிக்கை கூறுகின்றன.

ஹற்றனை அடுத்த தேயிலைத் தோட்டமொன்றிற் பிறந்த எனக்கு, அக்கல்லிலே தமிழைக் கண்டபோது பெருமிதமே மேலோங்கியது. மத்தியதரைக் கடலின் சிசிலி இராச்சியத்தைப் பற்றிக் கற்றபின் அப்பெருமிதத்தோடு ஓர் ஐயமும் சேர்ந்தது.

1130இல் அங்கு முடிசூடிய நோர்மானிய மன்னன் இரண்டாம் றோஜரின் கடற்படைத் தலைவன், அந்தியோக்கியா ஜோர்ஜ் என்னும் கிரேக்கக் கிறிஸ்தவன். முன்னர் வட ஆபிரிக்க முஸ்லிம் அரசரிடம் பணிபுரிந்த அவனே 1148இல் அவர்தம் தலைநகர் மஹ்தியாவைக் கைப்பற்றினான். அவன் தாங்கிய பதவிப் பெயர் ‘அமீர்’ என்னும் அரபுச் சொல்லின் வழிவந்தது. ஆங்கிலத்தின் ‘அட்மிரல்’ என்பதும் அவ்வழியினதே. பலேர்மோவில் அவன் எழுப்பிய தேவாலயத்திற் கிரேக்கமும் அரபும் ஒருங்கே இடம்பெற்றன. அந்நகரின் 1149ஆம் ஆண்டுக் கல்லறைக் கல்லொன்று இலத்தீன், கிரேக்கம், அரபு, எபிரேயம் ஆகிய நான்கு எழுத்துக்களையும் தாங்கியுள்ளது.

ஆயினும், 1220களில் இரண்டாம் பிரடெரிக், சிசிலி முஸ்லிம்களை இத்தாலியப் பெருநிலத்து லூசேராவுக்குக் குடிபெயர்க்கத் தொடங்கினான். செங் ஹோவும் காணிக்கையோடு அமையவில்லை. அழகேசுவரனைச் சிறைப்பிடித்து, 1411இற் சீன அரசவைக்குக் கொண்டு சென்றான். ஆள்வோன் ஒரு மொழியை ஏற்பது வேறு. அதனைப் பேசுவோரின் உரிமையை ஏற்பது வேறு.

இவ்வேறுபாட்டை மலையகம் நன்கறியும். பெரட்டுக்களத்தில் வெள்ளைத்துரைமாரும் தமிழ் பேசினர். கொழுந்து பறிக்கவும் கவ்வாத்து வெட்டவும் ஏவுதற்கு அது வேண்டியிருந்தது. அம்மொழி பேசியோரிற் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்குமெனப் பங்கிட்டது. எங்கள் லயத்திலிருந்து என் பாட்டனாரின் தம்பி குடும்பத்தோடு புகையிரதமேறித் தலைமன்னார் சென்றார். பாட்டனார் தோட்டத்திலேயே தங்கினார். உடன்பிறந்தார் இருவரும் பின்னர் சந்திக்கவேயில்லை. எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறிற்று.

பண்பாட்டுக் கலப்பு மன்னரின் தாராளத்தால் மலரலாம். சட்டத்தின் காவலின்றி அது நிலைக்காது. ஒரு நாட்டின் பன்மையை அளக்க விழைவோர், அதன் கற்களில் எத்தனை மொழிகள் உள்ளன என்பதோடு நில்லாது, அம்மொழிகளைப் பேசுவோர் தம் மண்ணில் அச்சமின்றி நிற்கின்றனரா என்பதையும் வினவுதல் வேண்டும்.