குளத்தைச் சுத்தி ஒரு ரவுண்டு!

செமஸ்டர் லீவுக்கு எங்கே போகலாம்னு மண்டையைக் குடைஞ்சுட்டு இருக்கீங்களா? ஊட்டி, கொடைக்கானல் எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம். வாங்க, ஆனைமலைப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்குப் போவோம். கோவையிலிருந்து பொள்ளாச்சி 40 கிலோமீட்டர். அங்கிருந்து டவுன் பஸ். இறங்கி வாய்க்கால் ஓரமா நடந்தா, என் ரூம்மேட்டோட மாமா தோட்டம்!

வீட்டுக்குப் பின்னாடி மாமா புதுசா நீச்சல் குளம் கட்டியிருக்கார். 30 அடிக்கு 15 அடி. 'குளம் ரெடி தம்பி. சுத்தி என்ன பண்றதுன்னுதான் தெரியல. நீங்க இன்ஜினீயருங்கதானே?'ன்னு கூப்பிட்டார். நான் மெக்கானிக்கல், அவன் ஐ.டி. இதை நீங்க மாமாகிட்ட சொல்லிடாதீங்க!

முதல் பாடம் மதியம் 12 மணிக்கு. குளத்தைச் சுத்தி பாதிக்கு கடப்பா கல் போட்டிருந்தாங்க. பார்க்க ஜம்முனு இருக்கு. செருப்பில்லாம கால் வெச்சேன் பாருங்க... தீமிதிதான்! கறுப்புக் கல் வெயிலை அப்படியே குடிச்சுடும். பாலீஷ் போட்டதா இருந்தா, நனைஞ்சதும் வழுக்கும். சொரசொரப்பான வெளிர் கல்தான் சரி. அதுவும் குளத்துக்கு எதிர்ப்பக்கமா சரியணும், 6 அடி நடைபாதைக்கு ஒன்றரை இன்ச். இல்லேன்னா மழைக்கு மண்ணெல்லாம் குளத்துக்குள்ளதான்.

அடுத்து காத்து. ஜூன் பிறந்தா பாலக்காட்டுக் கணவாய் வழியா மேற்குக் காத்து பிச்சு உதறும். குளத்துக்கு மேற்கே ஒரு பெரிய வேப்பமரம். அது உதிர்க்கிற இலை மொத்தமும் மிதந்துபோய் கிழக்கு மூலையில ஒதுங்குது. இலையை உறிஞ்சுற ஸ்கிம்மரை எங்கே வெச்சிருக்காங்க தெரியுமா? மேற்குச் சுவர்ல! காத்து எந்தப் பக்கம் தள்ளுதோ அந்தப் பக்கம் வைக்கணும், பாஸ்.

'மரத்தை வெட்டிட்டா முடிஞ்சுது'ன்னார் மாமா. அம்மாயி முகம் சுருங்கிடுச்சு. அவங்க வெச்ச மரம். நாங்க ஸ்கேலை எடுத்தோம். ஒரே நாள்ல தண்ணி அரை சென்டிமீட்டர் இறங்கியிருந்துச்சு. கிட்டத்தட்ட 200 லிட்டர், 14 குடம்! அத்தனையும் கிணத்துலேர்ந்துதான் இறைக்கணும். மேற்கே மரம் நின்னா காத்தும் சாயங்கால வெயிலும் குறையும், தண்ணி இன்னும் கம்மியாத்தான் போகும்னு சொன்னோம். மாமா கொஞ்ச நேரம் மரத்தையே பார்த்தார். மரம் தப்பிச்சுது. ஸ்கிம்மரை உடைச்சு மாத்தணுமா, வலை போட்டு அள்ளணுமான்னு இன்னும் கணக்கு போட்டுட்டு இருக்கார்.

தென்னைக்கு அடியில சாய்வு நாற்காலி போடலாம்னு ரூம்மேட் ஒரு ஐடியா கொடுத்தான். மேலே குலை குலையா தேங்காய் தொங்குது. அவனை மன்னிச்சுடுங்க.

அம்மாயி கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், வேலி. 'வேலி போட்டா ரிசார்ட் லுக் போயிடும்மா'ன்னார் மாமா. சாயங்காலம் சின்ன வெங்காயம் உரிச்சுக்கிட்டே அம்மாயி என்கிட்ட சொன்னாங்க, 'என் தம்பி இந்தக் கிணத்துலதான் போனான் கண்ணு. நாலு வயசு. நான்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன். ஒரு குடம் மொண்டு வெச்சுட்டுத் திரும்பறதுக்குள்ள...'

வெங்காயம் உரிக்கிறதை அவங்க நிறுத்தல. பின்னாடி மாமா நின்னுட்டு இருந்ததை நான் அப்புறம்தான் கவனிச்சேன்.

மறுநாளே வெல்டர் வந்தார். 4 அடி உயரம், ஏறமுடியாத நேர்க்கம்பி. கதவு வெளிப்பக்கமாத்தான் திறக்கும், விட்டா தானா மூடிக்கும், தாழ்ப்பாள் உச்சியில. செம்பருத்தி வெச்சா வேலி மறையும்னு மாமா ஆசைப்பட்டார். வேலியை ஒட்டி பூந்தொட்டி, பெஞ்ச் மட்டும் கூடவே கூடாதுன்னு சொன்னோம். வாண்டுங்க அதுல ஏறித் தாண்டிடும். செம்பருத்தியும் மூணு அடி தள்ளியே நட்டாச்சு.

கிளம்புற அன்னிக்கு ரூம்மேட்டோட அக்கா பையன், மூணு வயசு, கதவை இழுத்துப் பார்த்தான். உதைச்சான். எட்டிப் பார்த்தான். அசையல. 'போ'ன்னு கதவைத் திட்டிட்டு கோழியைத் துரத்த ஓடிட்டான்.

அம்மாயி அப்பவும் கதவு பக்கத்துல முக்காலி போட்டு உட்கார்ந்துதான் இருந்தாங்க.