சம்மட்டியும் பறவைகளும்

2004ஆம் ஆண்டு பணி நிமித்தம் இங்கிலாந்து சென்று திரும்பிய அண்ணன் 'ரெட் மெக்கா' என்ற குறுந்தகட்டைக் கொண்டுவந்தார். கோவையில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒலிபெருக்கியை உரக்க வைத்து இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம். பஞ்சாலையின் நெசவுப் பிரிவில் முப்பது ஆண்டுகள் தறி ஓட்டி, செவித்திறனில் பெரும்பகுதியை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர் அப்பா. வீட்டில் நாங்கள் பேசுவது எதுவும் எட்டாத அவர், உள்ளறையிலிருந்து எழுந்து வந்து நின்றார்.

"மில்லுக்குள்ள நிக்கற மாதிரியே இருக்குது. இதையப் போயி காசு குடுத்தா வாங்குன கண்ணு?"

அண்ணன் சிரித்து மழுப்பினார். அக்கேள்வி எங்களிடமே தங்கிவிட்டது. சென்ற ஆண்டு மழைக்காலத்தில், காபரே வோல்டேர் என்னும் அந்த இசைக்குழுவின் தொகுப்புகளை வெளிவந்த வரிசையிலேயே மறுபடியும் கேட்கத் தொடங்கினோம். இன்னும் பதில் சொல்லாதிருந்த குற்றவுணர்வும் அதற்கு ஒரு காரணம் என்றே தோன்றுகிறது.

ஷெஃபீல்ட் இரும்பைத் தின்று வளர்ந்த நகரம். பதினெட்டாம் நூற்றாண்டில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் மூசையில் எஃகு உருக்கியது அங்கேதான். 1913இல் ஹாரி பிரேர்லி துருப்பிடிக்காத எஃகைக் கண்டதும் அங்கேதான். அந்நகரின் கிழக்கில் இரவெல்லாம் விழுந்துகொண்டிருந்த பெருஞ்சம்மட்டிகளின் ஓசையைப் படுக்கையில் கிடந்தபடி கேட்டு வளர்ந்த பிள்ளைகள் ரிச்சர்ட் ஹெச். கிர்க்கும் ஸ்டீஃபன் மாலிண்டரும் கிறிஸ் வாட்சனும். மூவரும் 1973இல் ஒன்றுசேர்ந்தனர். 1916இல் சூரிச் நகரில் டாடா கலைஞர்கள் தொடங்கிய விடுதியின் பெயரைத் தங்களுக்குச் சூட்டிக்கொண்டனர். இசைக்கருவி வாசிக்க முறையாகக் கற்றவர்கள் அல்லர். தொலைபேசிப் பொறியாளராகப் பணியாற்றிய வாட்சனின் வீட்டு மச்சில் ஒலிநாடாவை வெட்டினர், வளையமாக ஒட்டிச் சுழலவிட்டனர், குரல்களைச் சிதைத்தனர். அந்த மச்சுப் பதிவுகள் 2003இல்தான் மூன்று குறுந்தகடுகளாக வெளிவந்தன.

1975 மே மாதம் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தில் அவர்களுடைய முதல் அரங்கேற்றம். தாளத்துக்கு முரசு கிடையாது. நீராவிச் சம்மட்டி ஒன்றின் ஓசை ஒலிநாடா வளையமாகத் திரும்பத் திரும்ப ஓடியது. கிர்க் கிளாரினெட் வாசித்தார். ஆடிக் களிக்க வந்திருந்த கூட்டம் பொறுமையிழந்து மேடையேறித் தாக்கியது. மாலிண்டர் கீழே விழுந்து முதுகெலும்பில் அடிபட்டு மருத்துவமனைக்குப் போனார். அப்பாவின் கேள்வியைத்தான் அவர்கள் கைகளால் கேட்டார்கள் போலும்.

'மிக்ஸ்-அப்' (1979), 'வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா' (1980), 'ரெட் மெக்கா' (1981) ஆகிய மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்டபோது, இளமையில் எங்களுக்குப் பிடிபடாத ஒன்று பிடிபட்டது. இவை ஆலையோசையின் நகல்கள் அல்ல. 1979 இறுதியில் அமெரிக்கா சென்ற மூவரையும், தொலைக்காட்சியில் நரகத்தைக் காட்டி நன்கொடை கேட்ட மதபோதகர்கள் ஈர்த்தார்கள். அதே வேளையில் ஈரானில் புரட்சி நடந்து முடிந்திருந்தது. இருபுறமும் எழுந்த வெறியின் நிழல் 'ரெட் மெக்கா' முழுதும் படிந்திருக்கிறது. ஆர்சன் வெல்ஸ் படமொன்றுக்கு ஹென்றி மான்சினி அமைத்த இசையைத் திரித்துத்தான் அத்தொகுப்பைத் தொடங்குகிறார்கள். பின்னணியில் தாளப்பொறி சலிப்பின்றி ஓடுகிறது. மாலிண்டரின் குரல் சுவருக்கு அப்பாலிருந்து ஒருவர் முணுமுணுப்பதுபோல் வருகிறது. சொல் தெரிவதில்லை, மிரட்டல் மட்டும் தெரிகிறது. நெசவுக்கூடத்தில் மேஸ்திரியின் வாயசைவை மட்டும் பார்த்து வசவைப் புரிந்துகொண்டதாக அப்பா சொல்லியிருக்கிறார். அந்த உலகம் இதுதான்.

அந்த ஆண்டுகளில் ஷெஃபீல்டில் நடந்ததையும் சேர்த்தே இவற்றைக் கேட்கவேண்டும். 1980 தொடக்கத்தில் பிரிட்டன் முழுவதும் எஃகுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அந்நகரின் ஹாட்ஃபீல்ட்ஸ் ஆலை வாயிலில் பெருங்கூட்டம் திரண்டது. 1983இல் அவ்வாலை மூடப்பட்டது. அந்த நிலத்தில் 1990இல் மெடோஹால் என்னும் பேரங்காடி திறக்கப்பட்டது. சம்மட்டி விழுந்த இடத்தில் இன்று நகரும் படிக்கட்டு ஓடுகிறது. மூவரும் ஒலிநாடாவில் சேர்த்தது அணைந்துகொண்டிருந்த ஓசையை என்று இப்போது நினைக்கத் தோன்றுகிறது. அவர்களும் உலைக்குள் நின்றவர்கள் அல்லர், வெளியிலிருந்து கேட்டவர்கள். மில் சங்கு ஊதியதும் அப்பா வருவார் என்று தெருமுனையில் காத்திருந்த எங்களைப் போல.

வாட்சன் 1981இல் விலகியபின் வந்த தொகுப்புகளில் நாங்கள் அதிகம் தங்கவில்லை. 'தி கிராக்டவுன்' (1983) நடன அரங்குகளுக்கு நகர்ந்த குழுவின் கூர்மையான படைப்பு. 1990இல் சிகாகோவின் மார்ஷல் ஜெஃபர்சனோடு சேர்ந்து செய்த தொகுப்பில் பழைய அச்சம் முற்றிலும் போய்விட்டிருந்தது. 1994இல் குழு ஓய்ந்தது. 2014இல் கிர்க் தனியொருவராக அதே பெயரில் மேடையேறியபோது பழைய உருப்படி ஒன்றைக்கூட வாசிக்க மறுத்தார். 2020இல் 'ஷேடோ ஆஃப் ஃபியர்' வெளியிட்டு மறு ஆண்டே மறைந்தார். பழையதைத் திரும்பிப் பாராதவரின் பழையதைத்தான் நாங்கள் வரிசையாகக் கேட்டுக்கொண்டிருந்தோம் என்பது சற்றுக் கூச்சமாகவே இருந்தது.

ஆனால் எங்களை அதிகம் ஆட்கொண்டது வாட்சன் போன வழி. நியூகாசிலில் தொலைக்காட்சி நிறுவனமொன்றில் ஒலிப்பதிவாளராகச் சேர்ந்து, நாளடைவில் காட்டின் ஓசைகளைப் பதிவுசெய்பவரானார். டேவிட் அட்டன்பரோவின் பறவைத் தொடருக்கு ஒலிப்பதிவு செய்தவர்களுள் அவரும் ஒருவர். 2003இல் வந்த 'வெதர் ரிப்போர்ட்' தொகுப்பில் கென்யாவின் புல்வெளியும் ஸ்காட்லாந்தின் பள்ளத்தாக்கும் ஐஸ்லாந்தின் பனியாறும் மட்டுமே பேசுகின்றன.

எங்களில் தமிழ் கற்பித்துப் பிழைப்பவருக்கு இவ்விடத்தில் மலைபடுகடாம் நினைவுக்கு வந்தது. மலையை யானையாகவும் அதில் பிறக்கும் ஓசையை மதநீராகவும் கண்டு பெயர் பெற்ற நூல் அது. நவிர மலையில் எழும் ஓசைகளைப் புலவர் அடுக்கிக்கொண்டே போகிறார். அருவியின் ஆரவாரம் உண்டு. கணவன் மார்பில் புலி பாய்ந்த புண்ணை ஆற்றக் கொடிச்சியர் பாடும் பாட்டு உண்டு. ஆலையில் கரும்பின் கணு உடையும் ஓசையும் உண்டு. இயற்கை, புண், ஆலை என்று அந்தச் செவி பிரித்துப் பார்க்கவில்லை. ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தியும் அவ்வரிசையில் ஆலை இருப்பதை அதுவரை நின்று கவனித்ததில்லை என்று ஒப்புக்கொள்ளவேண்டும். வாட்சன் சம்மட்டியை விட்டுப் பறவைக்குப் போய்விட்டதாக எழுதுகிறார்கள். போகவில்லை, இரண்டையும் கேட்டது ஒரே செவி.

இப்படி ஒரு முடிவுக்கு வந்த மகிழ்ச்சியில் அப்பாவுக்கும் 'வெதர் ரிப்போர்ட்'டைக் கேட்கத் தந்தோம். அவருக்கு இப்போது எண்பது நெருங்குகிறது. செவிப்பொறியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தவர், "ஓடுதா கண்ணு?" என்றார். பேரோசை செவியை அழிக்கும்போது உச்ச ஒலிகளையே முதலில் கொண்டுபோகும். தறி அவரிடமிருந்து முதலில் பறித்தவை பறவைகள். காதுக்குப் பஞ்சு தவிர வேறு காப்பு அவருக்கு ஒருநாளும் தரப்படவில்லை. எங்கள் பட்டியலும் ஒப்பீடும் அந்த நாற்காலிக்கு முன்னே வாயடைத்து நின்றன.

குமிழைத் திருகி நிறுத்த முடிந்தவர்களுக்குத்தான் இரைச்சல் இசையாகிறது. இருபது ஆண்டுகளுக்கு முன்பே அப்பாவிடம் சொல்லியிருக்கவேண்டியது இதுதான்.

வேறு வழி தெரியாமல் 'ரெட் மெக்கா'வை ஒலிபெருக்கியில் ஓடவிட்டோம். அப்பா அருகில் வந்து பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தார். கண்ணை மூடிச் சற்றுநேரம் நின்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, நெசவுக்கூடத்தில் பேசுவதுபோல் உரக்கச் சொன்னார்:

"ஒரு தறி சரியா ஓடல. யாராச்சும் போயிப் பாருங்கடா."