கூரைமேல் டயர்

"மலைநாட்டிலே நுளம்பு ஏது?" என்று நாமும் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். அட்டன் பக்கத்துக் குளிரிலே கம்பளி போர்த்தித் திரியும் எமக்கு, நுளம்புக்கடி கொழும்பாரின் துன்பமாகவே தோன்றியது. அந்த எண்ணத்தைக் கடந்த தீபாவளி குலைத்தது.

எம்மிடம் பயின்ற மாணவன் ஒருவன், கொழும்பிலே சாப்பாட்டுக்கடை வேலைக்குப் போனவன், பண்டிகைக்குக் காய்ச்சலோடு வந்தான். "குளிருக்கு வந்த காச்சதான் சேர்" என்றாள், கொழுந்து பறிக்கும் தாய். நான்காம் நாள் காய்ச்சல் இறங்கியது. நாமும் மகிழ்ந்தோம். அன்றிரவே வயிற்றுவலி, வாந்தி, கைகால்கள் சில்லிட்டன. டெங்கிலே காய்ச்சல் தணியும் வேளையே அபாய வேளை என்பதை, ஊருக்குப் பாடம் சொல்லும் நாம் அறிந்திருக்கவில்லை. கொழுந்து லொறியிலே வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றனர். பிழைத்துக்கொண்டான்.

மலை காக்கும் என்னும் நம்பிக்கைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1934இல் மழை பொய்த்தது. ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின. அவற்றிலே மலேரியா நுளம்பு பெருகியது. 1935 வரை நீடித்த அக்கொள்ளைநோயில் சுமார் 80,000 பேர் மாண்டனர். பசித்திருந்த கிராமத்து ஏழைகளே பெரிதும் மடிந்தனர். உயர்ந்த மலைத் தோட்டங்கள் பெரும்பாலும் தப்பின. அன்று சூரியமல் இயக்கத்து இளைஞர் கேகாலைக் கிராமங்களுக்கு மருந்தும் உணவும் சுமந்து சென்றனர். 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அது வானம் தந்த வரமன்று. மனிதர் உழைத்துப் பெற்ற வெற்றி.

டெங்கு நுளம்போ ஆற்றைத் தேடுவதில்லை. ஒரு சிரட்டை நீர் அதற்குப் போதும். பகலிலேயே கடிக்கும். 2017இல் இந்நாட்டில் 186,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளராகப் பதிவாயினர். 400க்கு மேற்பட்டோர் இறந்தனர். குளிர் நுளம்பைத் தடுக்கலாம். பிழைப்புக்காகக் கொழும்பு சென்று மீளும் பிள்ளையின் இரத்தத்தில் வரும் நோயைத் தடுக்குமோ? மலையடிவாரத்து வெப்பமான தோட்டங்களிலோ அந்தக் குளிர்க்காவலும் இல்லை. வாயில்லாச் சீவன்களும் தப்புவதில்லை. நாயின் தோலடியில் வாழும் புழுவை நுளம்பு மனிதருக்கும் கடத்துகின்றது. சிலர் கண்ணிலிருந்தே அப்புழு எடுக்கப்பட்டிருக்கின்றது.

மாணவரோடு அந்த லயத்துக்குச் சென்றோம். குழாய் நீர் வீட்டுக்குள் வராததால் வாசலெங்கும் பீப்பாய்கள். கூரைமேல் பழைய டயர்கள், உள்ளே மழைநீர். அவற்றை இறக்கச் சொன்னோம்.

"டயர எடுத்தா தகரம் பறந்துருமே, சேர்" என்றாள் அந்தத் தாய்.

எம்மிடம் மறுமொழி இல்லை. டயரிலுள்ள நீரை வாரந்தோறும் கொட்டுவது எம் மாணவர் கடன். பறக்காத கூரையை அமைப்பது எவர் கடன்? அக்கேள்வியையும் மாணவருக்குக் கற்பிப்பதே இனி எமது சுகாதாரப் பாடம்.