மிசிசிப்பிக்குக் கிழக்கே

பேட்டன் ரூஜ் பாலத்தின் மேல் கார் ஊர்ந்துகொண்டிருந்தது. கீழே மிசிசிப்பி. ஆடிப்பெருக்குக் காவிரியின் நிறம்தான், ஆனால் அகலம் அப்படிப் பல காவிரிகளைச் சேர்த்து வைத்தது போல. இரும்புப் படகுகளை ஒன்றோடொன்று கட்டி, ஒரு தெருவையே தள்ளிப் போவது போல ஒரு கப்பல் போய்க்கொண்டிருந்தது. ஹூஸ்டனில் மகள் வீட்டிலிருந்து விடியற்காலையில் கிளம்பியிருந்தோம். ஆர்லாண்டோவுக்கு 1,500 கிலோமீட்டருக்கு மேல். புளிசாதம் ஒரு டப்பா, தயிர்சாதம் ஒரு டப்பா, பின்சீட்டில் நானும் என் மனைவியும், நடுவில் பேரன் நிலன்.

“தாத்தா, இந்த ஆத்தைத் தாண்டிட்டா ஸ்பைடர்மேனுக்கு ஓனர் மாறிடுவார், தெரியுமா?” என்றான்.

பத்து வயதுப் பையன் ஏதோ விளையாட்டில் சொல்கிறான் என்று நினைத்தேன். ஸ்டியரிங்கில் இருந்த மாப்பிள்ளை சிரித்தார். “நிஜம்தான் மாமா. அதுக்கு ஒரு அக்ரிமென்ட் இருக்கு. நெட்லயே கிடைக்குது. நீங்க படிச்சா ரொம்ப ரசிப்பீங்க.”

அவருக்கு என்னைத் தெரியும். பதிவுத்துறையில் 31 வருடம் குப்பை கொட்டியவன் நான். கும்பகோணம் பக்கத்து சப்-ரிஜிஸ்தர் ஆபீஸ்களில் அரசலாற்றுக்குத் தெற்கு, பாதைக்கு மேற்கு என்று நான்குமால் படித்தே கண்ணாடியின் பவர் ஏறியது. ஓய்வு பெற்ற பிறகும் பத்திரம் என்றால் கை நீளும். அன்றிரவு மொபீலில் தங்கிய விடுதியில், மற்றவர்கள் தூங்கியபின், மாப்பிள்ளையின் மடிக்கணினியில் அந்தப் பத்திரத்தைத் திறந்தேன்.

1994 மார்ச் 22 தேதியிட்டது. எழுதிக் கொடுத்தவர் மார்வெல். எழுதி வாங்கியவர் எம்.சி.ஏ., அதாவது அன்றைக்கு யுனிவர்சல் ஸ்டுடியோவின் தாய் நிறுவனம். ஆர்லாண்டோவில் புதிதாகக் கட்டப்போகும் பூங்காவில் மார்வெல் நாயகர்களுக்கென்று ஒரு தனித்தீவு அமைக்க உரிமை. அன்றைய மார்வெல் ஒரு காமிக்ஸ் கம்பெனி, அவ்வளவுதான். ‘ஐயன் மேன்’ படம் வர இன்னும் 14 வருடம் இருந்தது. அந்தப் பத்திரம் போட்டு மூன்று வருடம்கூட ஆவதற்குள், 1996 டிசம்பரில், மார்வெல் திவால் மனு கொடுத்தது. அவர்கள் இடத்தில் யார் இருந்திருந்தாலும் அந்தப் பேனாவை எடுத்திருப்பார்கள்.

ஷரத்துகளுக்கு வந்தேன். அங்கேதான் ஆறு வந்தது. மிசிசிப்பிக்குக் கிழக்கே வேறு எந்தப் பூங்காவுக்கு மார்வெல் உரிமை கொடுத்தாலும், யுனிவர்சல் பயன்படுத்திக்கொண்டிருக்கும் கதாபாத்திரங்களைத் தொடக்கூடாது. ஆற்றுக்கு மேற்கே யாரை வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஆனால் கிழக்கோ மேற்கோ, விளையாட்டின் பெயரிலும் விளம்பரத்திலும் ‘மார்வெல்’ என்ற சொல் வரக்கூடாது. கதாபாத்திரத்தைப் பயன்படுத்துவது என்றால் என்ன என்பதற்கும் விளக்கம் இருந்தது. ஒரு குடும்பத்தில் ஒருவர் விளையாட்டிலோ கடையிலோ சாப்பாட்டுக் கடையிலோ முக்கியமாக இடம்பெற்று, விளம்பரத்திலும் வந்துவிட்டால், அந்தக் குடும்பம் முழுவதும் யுனிவர்சலுக்கு. அவெஞ்சர்ஸ் ஒரு குடும்பம், ஃபென்டாஸ்டிக் ஃபோர் ஒரு குடும்பம், அவர்களோடு சண்டை போடும் வில்லன்களும் அந்தந்தக் குடும்பத்துக் கணக்கில்.

கூட்டுக் குடும்பத்தில் ஒரு அண்ணன் திண்ணையில் உட்கார்ந்திருந்தால் போதும், வீடு முழுக்கக் குடியிருப்பதாகக் கணக்கு. எழுதியவர் கெட்டிக்காரர். விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தபோது, யாரோ தெரியாத ஒரு அமெரிக்கப் பத்திர எழுத்தர் மேல் எனக்குத் தொழில் மரியாதை வந்திருந்தது.

மறுநாள் மாலை ஆர்லாண்டோ. அதற்கடுத்த நாள் காலை ‘ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வென்ச்சர்’ வாசலில் நின்றோம். 1999 மே மாதம் திறந்த பூங்கா. நடுவில் ஒரு குளம், அதைச் சுற்றித் தீவுகள். இடப்பக்கம் திரும்பினால் மார்வெல் சூப்பர் ஹீரோ தீவு. முதலில் கண்ணில் படுவது தண்ணீருக்கு மேல் வளைந்து நெளிந்து கிடக்கும் பச்சைத் தண்டவாளம். ஹல்க் ரோலர் கோஸ்டர்.

வழக்கமாக ரோலர் கோஸ்டர் சங்கிலியில் கடகடவென்று மேலே ஏறி, ஒரு கணம் நின்று, பிறகு விழும். இது அப்படியில்லை. ஏற்றத்தில் ஒரு குகை. வண்டி அதற்குள் மெதுவாக நுழைகிறது. உள்ளே ஒரு உறுமல். அடுத்த நொடி பீரங்கியிலிருந்து வருவது போல மேல்நோக்கிப் பாய்ந்து, வெளியே வந்த கையோடு தலைகீழாகப் புரள்கிறது. 110 அடி உயரம், மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வேகம், ஏழு முறை தலைகீழ். நிலனும் அவன் அப்பாவும் போனார்கள். நானும் மனைவியும் குளக்கரை பெஞ்சில். ஒவ்வொரு வண்டி பாயும்போதும் அவள் என் முழங்கையைப் பிடித்தாள். “எந்த வண்டியில புள்ளை இருக்கான்னே தெரியலையே” என்று எல்லா வண்டிக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டாள்.

ஸ்பைடர்மேனுக்கு நானும் போனேன். ‘டெய்லி பியூகல்’ பத்திரிகை அலுவலகம் போலக் கட்டிய கட்டடத்துக்குள் வரிசை. முப்பரிமாணக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வண்டியில் உட்கார்ந்தால், அது திரும்பி, குலுங்கி, சாய்ந்து இருட்டுத் தெருக்களுக்குள் போகிறது. திரையும் நிஜச் சுவரும் எங்கே சேர்கின்றன என்று கண்டுபிடிக்க முயன்றேன். முடியவில்லை. கடைசியில் மாடி உச்சியிலிருந்து விழுவது போல ஒரு இடம். வண்டி விழவே இல்லை என்று பிறகு மாப்பிள்ளை சொன்னார். என் வயிறு அதை ஒப்புக்கொள்ளவில்லை.

இந்தத் தீவில் கவனித்த ஒன்று: யாருக்கும் சினிமா முகம் இல்லை. சுவர்களில் ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் நாயகர்கள் எல்லாரும் தொண்ணூறுகளின் காமிக்ஸ் ஓவியங்கள். கெட்டிக் கோடு, பளிச்சென்ற மஞ்சள், ஊதா. நான்கு சக்கர மோட்டார் வண்டிகளில் கேப்டன் அமெரிக்காவும் மற்றவர்களும் வந்து இறங்கினார்கள். அவர்களும் படத்தில் வருபவர்களைப் போல இல்லை, புத்தகத்திலிருந்து எழுந்து வந்தவர்களைப் போல இருந்தார்கள். எனக்கு அதுதான் பிடித்தது. சிறுவயதில் சிவகாசியிலிருந்து வரும் முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவியைப் பார்த்து வளர்ந்த தலைமுறை. நாயகன் என்றால் காகிதத்தில் இருக்க வேண்டும்.

இரண்டு மணிக்கு வானம் கறுத்தது. ஃபுளோரிடாவின் ஜூன் மாதத்தில் பிற்பகல் இடி சகஜமாம். மின்னல் அருகே வந்ததும் ஹல்க்கை நிறுத்திவிட்டார்கள். கொட்டிய மழையில் ஒரு கடைக்குள் ஓடி ஒதுங்கினோம். நிலன் ஒரு ஹல்க் சட்டையை எடுத்துப் புரட்டினான். லேபிளில் மார்வெலின் உரிமை முத்திரை.

“தாத்தா, இதை வாங்கினா காசு யாருக்குப் போகும்?”

“கடை யுனிவர்சலோடது. அதுல ஒரு பங்கு மார்வெலுக்கு. மார்வெல் யாரோடது?”

“டிஸ்னியோடது.” கொஞ்சம் யோசித்தான். “அப்போ டிஸ்னியோட எதிரி கடையில வாங்கினாலும் டிஸ்னிக்குக் காசு போகுதா?”

போகத்தான் செய்கிறது. 2009 ஆகஸ்டில், ஏறத்தாழ 400 கோடி டாலருக்கு மார்வெலை வாங்குவதாக டிஸ்னி அறிவித்தது. நம் ஊரில் ஒரு வீட்டை வாங்கும் முன் இ.சி. போட்டு வில்லங்கம் பார்ப்போம். டிஸ்னியின் வக்கீல்களும் பார்த்திருப்பார்கள். வீட்டுக்குள் பழைய குடித்தனக்காரர் இருக்கிறார், வாடகை ஒழுங்காகக் கொடுத்து இடத்தைப் பராமரிக்கும்வரை அவரைக் காலி செய்ய முடியாது என்று தெரிந்தே வாங்கினார்கள். நிலம் கைமாறினாலும் குத்தகை நிற்கும் என்பது எங்கள் ஊர் மிராசுதார்களுக்குத் தெரிந்த பழைய பாடம். யுனிவர்சலின் சொந்தக்காரர்களே 1994க்குப் பிறகு பலமுறை மாறி, இன்று காம்காஸ்ட். பத்திரம் மட்டும் அப்படியே இருக்கிறது.

ஜப்பான் கதை வேறு. ஒசாகாவில் யுனிவர்சல் நடத்திய ஸ்பைடர்மேன் விளையாட்டு 2004 ஜனவரி 23 அன்று தொடங்கி 2024 ஜனவரி 22 அன்று மூடப்பட்டது. நாள் கணக்குப் பார்த்தால் சரியாக 20 வருடம். ஆர்லாண்டோவில் அப்படி ஒரு கடைசித் தேதி கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இல்லை.

மறுநாள் டிஸ்னியின் எப்காட். அங்கே ‘கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி: காஸ்மிக் ரீவைண்ட்’ என்று ஒரு ரோலர் கோஸ்டர், 2022 மே மாதம் திறந்தது. பின்பக்கமாகப் பாயும் வண்டி. உள்ளே பழைய பாட்டு ஒன்று ஒலிக்கும். இறங்கி வந்த மாப்பிள்ளை ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். நிலன் இன்னொரு தரம் போக வேண்டும் என்றான். பெயர்ப்பலகையை நான் இரண்டு முறை படித்தேன். ‘மார்வெல்’ இல்லை. ஷரத்து வேலை செய்துகொண்டிருந்தது.

ஒரு ரக்கூனும் ஒரே வாக்கியம் மட்டும் பேசும் மரமும் இருக்கும் இந்தக் கும்பல் எப்படி ஆற்றுக்குக் கிழக்கே டிஸ்னியிடம் இருக்கிறது? யுனிவர்சல் அவர்களைச் சீண்டவே இல்லை. 1994இல் அவர்களை யாருக்குத் தெரியும்? 2014இல் படம் வந்து உலகம் முழுக்கப் பெயரானது. வாய்க்கால் ஓரம் ஒருவரும் வேண்டாம் என்று விட்ட துண்டு நிலம், புறவழிச்சாலை வந்ததும் பொன் விளைவதை என் மேஜையில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

“கலிஃபோர்னியா டிஸ்னிலதான் தாத்தா ஸ்பைடர்மேன் கூரைக்கு மேல பறப்பார். ரோபோ!” என்றான் நிலன். ஆற்றுக்கு மேற்கே அனாஹைமில், 2021 ஜூன் 4 அன்று திறந்த பகுதி. பெயர் ‘அவெஞ்சர்ஸ் கேம்பஸ்’. மார்வெல் லேண்ட் என்று வைத்தால் எல்லாருக்கும் எளிதாகப் புரிந்திருக்கும். வைக்க முடியாது.

அப்படியானால் ஸ்பைடர்மேன் யாருடையவர்? ஆர்லாண்டோவில் பூங்கா உரிமை யுனிவர்சலிடம். அனாஹைமில் டிஸ்னியிடம். சினிமா உரிமை 1999 முதல் சோனியிடம். காமிக்ஸ் மார்வெலிடம். ஒரே சர்வே எண், நான்கு உட்பிரிவு. 2015இல் சோனியும் மார்வெலும் உடன்பாடு செய்துகொண்ட பிறகுதான் அவர் அவெஞ்சர்ஸோடு திரையில் சேர்ந்தார். 2019 ஆகஸ்டில் இரு தரப்புக்கும் மனஸ்தாபம், அடுத்த மாதமே சமாதானம். அந்த ஒரு மாதமும் மாப்பிள்ளை ஆபீசில் இதே பேச்சுதானாம். இன்னொரு வேடிக்கை: எக்ஸ்-மென் சினிமா உரிமை ஃபாக்ஸிடம் இருந்த காலத்தில், குயிக்சில்வர் என்ற ஒரே ஆள் 2014இல் ஃபாக்ஸ் படத்தில் ஒரு நடிகராகவும், 2015இல் மார்வெல் படத்தில் வேறொரு நடிகராகவும் வந்தார். இரண்டாவது படத்தில் அவரை ‘மியூட்டன்ட்’ என்று சொல்ல முடியாது. அந்தச் சொல்லுக்கே வேலி.

இத்தனை உட்பிரிவுகளைக் கேட்டபின், பதிவாபீஸ்காரனுக்கு ஒரு கேள்வி வராமல் போகாது. தாய்ப்பத்திரம் எங்கே? எந்தச் சொத்தானாலும் யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்று பின்னோக்கிப் போனால், முதலில் அதை வைத்திருந்த ஒருவரிடம் போய் நிற்க வேண்டும்.

ஹல்க் பிறந்தது 1962. கதை ஸ்டான் லீ, படம் ஜாக் கர்பி. தோர், எக்ஸ்-மென், ஃபென்டாஸ்டிக் ஃபோர் என்று இந்தப் பூங்காக்களை நிரப்பும் பாதிப் பேர் லீயோடு சேர்ந்து கர்பியின் பென்சிலில் உருவானவர்கள். அவருக்குக் கிடைத்தது பக்கத்துக்கு இவ்வளவு என்ற கூலி. தன் கையால் வரைந்த மூலப் படங்களில் ஒரு பகுதியைத் திரும்ப வாங்கவே 1987 வரை போராட வேண்டியிருந்தது. அவர் பிள்ளைகள் 2009இல் உரிமை கேட்டார்கள். கம்பெனிக்காகக் கூலிக்குச் செய்த வேலை கம்பெனிக்கே என்று இரண்டு நீதிமன்றங்கள் சொல்லிவிட்டன. கொத்தனார் கட்டிய வீடு கொத்தனாருக்குச் சொந்தமில்லை என்பதுதான் வாதம். உச்ச நீதிமன்றம் கையில் எடுக்குமா என்று எல்லாரும் பார்த்திருந்த 2014 செப்டம்பரில் இரு தரப்பும் சமாதானம் செய்துகொண்டன. ஸ்பைடர்மேனை வரைந்த ஸ்டீவ் டிட்கோவின் குடும்பத்தாரோடு 2023இல் சமாதானம்.

சட்டம் சொன்னதில் எனக்குப் பிணக்கில்லை. ஆனால் கொத்தனார் உவமை பொருந்தாது என்று படுகிறது. கொத்தனார் கட்டிய வீடு அந்த மனையோடு நிற்கும். கர்பி வரைந்த பச்சை மனிதன் ஆர்லாண்டோவில் பாய்கிறான், திரையில் கத்துகிறான், என் பேரன் சட்டையில் உட்கார்ந்திருக்கிறான். எல்லா இடத்திலும் வாடகை வசூலாகிறது.

திரும்பும் வழியில் மறுபடியும் அதே பாலம். சாயங்கால வெயிலில் ஆறு செம்பாக இருந்தது. பாதிப் பாலம் தாண்டியதும் நிலன் சட்டையைத் தட்டிக்கொண்டு, “இப்போ இவர் டிஸ்னிகிட்ட போயிட்டார்” என்று அறிவித்தான். அவன் பாட்டி, “யார்கிட்ட போனா என்ன, சட்டையைக் கழட்டித் துவைக்கப் போடு” என்றாள்.

ஹூஸ்டன் வந்து சேர்ந்த இரவு அந்தப் பத்திரத்தை இன்னொரு முறை திறந்தேன். முதல் பக்கத்துத் தேதியை மறுபடி பார்த்தேன்: 1994 மார்ச் 22. பிறகு கர்பியின் தேதியையும் தேடிப் பார்த்தேன். 1994 பிப்ரவரி 6 அன்று இறந்திருக்கிறார், அந்தப் பத்திரத்துக்கு 44 நாள் முன்பு.